கடற்கரையில் காணாமல் போன பஞ்சநாதன்

தலத்தெரு, காரைக்கால்.
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகன் சிரஞ்சீவி முத்துக்குமரனுக்கு, அப்பா பஞ்சநாதன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தண்ணி மோட்டாரும், கொல்லையில் முருங்கையும் சுகம். மோட்டார் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. அவ்விடம் பூனாவில் நீ, சௌபாக்கியவதி பாரதிப்ரியா, புதிதாக வந்திறங்கியிருக்கும் சின்னவர், அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லோரும் சௌக்கியமாக இருக்கக் கைலாசநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தெரியாத நம்பரிலிருந்து உனக்கு இரண்டு தடவை போன் வந்திருக்கும். நீ எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பில்லை, தெரியாத நம்பரை எடுத்தால் லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இது லோன்காரர் இல்லை, போலீஸ்காரர். பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஞ்சநாதன் என்கிற ஒன்பது வயதுப் பையன் நம் கடற்கரையில் காணாமல் போய்விட்டான் என்று ஊரே தேடியதில், கடைசியில் அது நான்தான் என்று தெரிந்தது. அவ்வளவுதான் சங்கதி. இதைப் போனில் சொன்னால் நீ "அப்பா, ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்பாய். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு நடுவில் இன்னொரு கால் வராது.

எல்லாம் பாரதி அனுப்பிய வாட்ஸப்பில் ஆரம்பித்தது. "மாமா, பாப்பாவுக்கு உங்க பேரையே வைக்கலாமான்னு ஒரு யோசனை. பஞ்சநாதன்ங்கிற பேர் இந்தக் காலத்துல எடுபடுமா? நிலவன், அகரன்னு ரெண்டு பேரும் பாத்து வச்சிருக்கோம். முப்பதாம் நாளுக்குள்ள முடிவு பண்ணணும். உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க மாமா" என்று எழுதி, கடைசியில் தாடையில் கை வைத்துக்கொண்டு மேலே பார்க்கும் ஒரு மஞ்சள் மூஞ்சியைப் போட்டிருந்தது அந்தப் பெண். எழுத்தெல்லாம் புரிந்தது, அந்த மூஞ்சிதான் புரியவில்லை. ஆசையாக யோசிக்கிற மூஞ்சியா, எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று யோசிக்கிற மூஞ்சியா? கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். பெரிதாக்கினால் இன்னும் குழப்பமாக இருக்கிறது. பேரன் என்றாலே பேரை உடையவன் என்றுதான் அர்த்தம் என்று பதில் எழுதப் போனேன். எழுதிவிட்டு அழித்துவிட்டேன். கேட்டது எடுபடுமா என்று. அதற்கு இலக்கணம் சொல்லித் தப்பிக்கக்கூடாது. மின்துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான், லைனில் கரண்ட் இருக்கா இல்லையா என்பதை யாரையும் கேட்கமாட்டேன், டெஸ்டரை வைத்துப் பார்ப்பேன். பேரையும் அப்படித்தான் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

டெஸ்டரை எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல் வந்தது. என் பேரைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆபீசில் பஞ்சநாதன் என்று இருந்தது. அதற்கப்புறம் தெருவில் நான் 'கரண்ட் சார்'. அதுவும் கரண்ட் போனால்தான். டிரான்ஸ்பார்மர் ஒழுங்காக இருக்கிற வாரத்தில் என்னைக் கூப்பிட ஆள் கிடையாது. உங்கம்மாவைப் பற்றி உனக்கே தெரியும். விசாலாட்சிக்கு நான் 'ஏங்க'. புருஷன் பேரை வாயால் சொல்லிவிட்டால் புருஷன் ஆயுசு குறைந்துவிடும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவளும் விடாமல் காப்பாற்றினாள். ரேஷன் கார்டு எழுத வந்தவர் "குடும்பத் தலைவர் பேரு?" என்று கேட்க, இவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு "திருவையாத்து சாமி பேருங்க" என்றாளாம். அந்த ஆள் பக்திமான் போலிருக்கிறது, ஐயாறப்பன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அன்றைக்கு டூட்டியில் இருந்தேன். கார்டு வந்த பிறகு பார்த்தால் என் வீட்டுக்குத் தலைவர் ஐயாறப்பன். "ரெண்டும் ஒரே சாமிதானே, விடுங்க" என்றாள் உங்கம்மா. விட்டதுதான் தப்பு. அதிலிருந்து அவள் பேரில் எடுத்த ஒவ்வொரு காகிதத்திலும் ஐயாறப்பன் மனைவி விசாலாட்சி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு எடுத்த கடைசி சர்ட்டிபிகேட்டிலும் அதேதான். காகிதத்தைப் பார்த்தால் அவள் வேறு யாரோ ஒருத்தருடைய பெண்டாட்டியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள். இப்போது 'ஏங்க' என்று கூப்பிடவும் வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் யாராவது 'ஏங்க' என்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பாரதி உன்னை முத்து முத்து என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று உன் அத்தை ஒரு தடவை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ரேஷன் கார்டு சரியாக வரும். ஆனால் மாமனார் பேர் வேறு கணக்கு. பிள்ளைக்கு என் பேரை வைத்துவிட்டால் பாரதி அவனை எப்படித் திட்டுவாள்? திட்டாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? "பஞ்சநாதா, சுவத்துல கிறுக்காத", "பஞ்சநாதா, டவுசர் எங்க" என்று அவள் கத்தும்போது நான் உங்கள் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? இது ஒரு யோசனைக்குச் சொல்கிறேன். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்படி ஆவது எப்போது என்பது வேறு விஷயம். இரண்டு ரூம் வீடு, ஒரு ரூமில் சம்பந்தி இருக்கிறார்கள், இடம் நெருக்கடி, மூன்றாம் மாசம் வாங்க என்று நீ சொன்னது சரிதான். நான் குறையாகச் சொல்லவில்லை.

சரி, டெஸ்டுக்கு வருகிறேன். முதல் டெஸ்ட் பேக்கரியில். பிறந்தநாள் கேக்கில் எழுத வராத பேர் இந்தக் காலத்துக்கு உதவாது என்று எனக்குத் தோன்றியது. அரைக் கிலோ கேக் சொல்லி, பேர் பஞ்சநாதன் என்றேன். கல்லாவில் இருந்த பெண் தலையைத் தூக்காமலேயே "நம்பர் மெழுகுவத்தி வேணுமா சார்? எழுவதா, எம்பதா?" என்றது. "பொறந்து இருவது நாளு ஆவுதும்மா" என்றேன். இப்போது தலையைத் தூக்கியது. "யாரு சார்?" "பஞ்சநாதன்." அந்தப் பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டது, ஆனால் கண்ணை மூட முடியவில்லை பாரு. "பாவம் சார் புள்ள" என்றது. அப்புறம் உள்ளே போய்விட்டு வந்து, அரைக் கிலோவில் இத்தனை எழுத்து கொள்ளாது, ஒரு கிலோ எடுங்கள், இல்லாவிட்டால் பேரைக் குறையுங்கள் என்றது. எனக்கு இருக்கிற சர்க்கரைக்கு ஒரு கிலோ எதற்கு? குறைத்தார்கள். 'ஹேப்பி பர்த்டே பஞ்சு' என்று வந்தது. பஞ்சு. மெத்தைக் கடையில் வாங்கின மாதிரி. ஓரத்தில் ரோஸ் கலரில் ஒரு பூ வேறு.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேக் என்றால் எதிரில் நாலு பேர் கை தட்டணும், இல்லாவிட்டால் அது வெறும் ரொட்டி. ஓரமாகக் கொஞ்சம் விண்டு சாப்பிட்டுவிட்டு, 'பஞ்சு' கலையாமல் பக்கத்து வீட்டு கைருன்னிஸாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவங்களுக்குப் புரியவே இல்லை. "எடுபடுமான்னா? பேருல என்னாங்க சார் எடுபடறது? எங்க பேரனுக்கு முகம்மது இப்ராஹிம். எங்க மாமனார் பேரு. அவங்க வாப்பாவோட வாப்பா பேரும் அதான். இந்தத் தெருவுல மட்டும் நாலு இப்ராஹிம் இருக்கு. கூப்புட்டா நாலும் ஓடியாரும், நமக்கு வேணுங்கறத நிறுத்திக்கிட்டு மிச்சத்த அனுப்பிவுட வேண்டியதுதான்" என்றார்கள். மாமனார் பேரைச் சொல்லி மருமகள் எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டேன். "வெளில இப்ராஹிம், வூட்டுக்குள்ள சின்ன வாப்பா. இதுக்குப் போயி கேக்கு வாங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டு, இப்ராஹிமைக் கூப்பிட்டார்கள். நிஜமாகவே மூணு பேர் வந்தார்கள். கேக்கு போதவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரே பேர், ஒரு தடவை கூட பழசானதில்லை. நம்ம பேர் மட்டும் எப்படியோ ஒரு தலைமுறையில் கெட்டுப் போயிருக்கு.

பேக்கரி ஒரு ஆள் சொன்னது, கைருன்னிஸா ஒரு ஆள் சொன்னது, ஒன்றுக்கு ஒன்று சரியாப் போச்சு. இனி பெரிய கூட்டத்துல பாத்தாதான் உண்மை தெரியும்னு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கடற்கரைக்குப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, ஞாயித்துக்கிழமை அங்கே மணல் தெரியாது, தலைதான் தெரியும். லைட்ஹவுஸ் பக்கம் குழந்தைங்க நிறைய விளையாடிக்கிட்டிருக்கிற இடமாப் பார்த்து நின்னேன். முதல்ல நீங்க பாத்து வச்ச அந்த ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்ணினேன். "நிலவா"ன்னு கூப்பிட்டேன். மூணு பையன் திரும்பிப் பார்த்தான், ஒரு அம்மாவும் பார்த்து முறைச்சுது. கொஞ்சம் தள்ளிப் போய் "அகரா"ன்னேன். ரெண்டு பேர். ஒருத்தன் கையில ஐஸ்க்ரீமோட என் பக்கத்துலயே வந்துட்டான், அவனை அனுப்பிவைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ரெண்டு லைன்லயும் நல்லா கரண்ட் இருக்கு. அப்புறம் நம்ம பேரு. "பஞ்சநாதா"ன்னேன். ஒருத்தரும் திரும்பலை. எதிர்க்காத்துன்னு நினைச்சு, திரும்பி நின்னுக்கிட்டு, கையைக் குவிச்சு வச்சு, அடிவயித்துலேருந்து கூப்பிட்டேன். அத்தனை பேர் இருந்த கடற்கரையில ஒரே ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். நான்தான். நானே கூப்பிட்டு நானே திரும்பிப் பார்த்துட்டேன், முத்து. யாரோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சுட்டேன்.

இத்தோட வீட்டுக்கு வந்திருக்கணும். பக்கத்துல மீன் வறுத்து விக்கிற அல்லின்னு ஒரு பொம்பளை, மண்டபத்தூர்லேருந்து வருது, நல்ல மாதிரி. என்னைப் பார்த்துட்டு எண்ணெச் சட்டியை விட்டுட்டு எழுந்து வந்து, "என்னா பெரியவரே, புள்ளயக் காணுமா?"ன்னுச்சு. நான் இல்லேம்மான்னு சொல்றதுக்குள்ள "பேரு என்னா?"ன்னுச்சு. பஞ்சநாதன்னேன். "வயசு?"ன்னுச்சு. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பென்ஷன் ஆபீஸ், எங்க போனாலும் பேருக்கு அடுத்து வயசுதானே கேக்குறாங்க, வாய் பழகிப்போச்சு, அறுபத்தொம்பதுன்னு சொல்லிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை. அறுபதை அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, ஒம்பது மட்டும் அந்தப் பொண்ணு காதுல விழுந்திருக்கு. "அய்யய்யோ, ஒம்பது வயசுப் புள்ள, பஞ்சநாதனாம், கடப்பக்கம் போச்சா பாருங்க"ன்னு ஒரு குரல் கொடுத்துச்சு பாரு, அது கடல்ல போட்ல இருக்கிற ஆளைக் கரையிலேருந்து கூப்பிட்டுப் பழகின தொண்டை. அவ்வளவுதான். சுண்டல்காரர் "பஞ்சநாதா"ன்னார். பலூன்காரர் "பஞ்சநாதா"ன்னார். காலேஜ் பசங்க நாலஞ்சு பேர் பேண்ட்டை மடிச்சுவிட்டுக்கிட்டு தண்ணியோரமா "டேய் பஞ்சநாதா, பஞ்சநாதா"ன்னு கத்திக்கிட்டே ஓடுறாங்க. முக்காடு போட்ட அம்மாமாருங்க கூப்பிடுறாங்க, கைக்குழந்தையை இடுப்புல வச்சிருக்கிறவங்க கூப்பிடுறாங்க. என்னைப் பார்த்து முறைச்சாளே அந்த நிலவனோட அம்மா, அவளும் கூப்பிடுறா.

நிறுத்தச் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். திறந்தவன் அவங்க கூப்பிடுறதைக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். அது தப்புதான், ஊரையே அலைய விட்டுட்டு நிக்கிறது தப்புதான். ஆனா எவ்வளவு காலத்துக்கப்புறம் என் பேரை இத்தனை பேர் கூப்பிடுறாங்க, எல்லாரும் நான் கிடைக்கணும்னு கூப்பிடுறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிடட்டும்னு இருந்துச்சு. இதை உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?

அப்புறம் மைக் வந்துடுச்சு. ரோந்து போலீஸ்காரர் ஒருத்தர், நல்ல தமிழ்ல, "ஒன்பது வயது சிறுவன் பஞ்சநாதன் எங்கிருந்தாலும் கலங்கரை விளக்கம் அருகே வரவும். பயப்பட வேண்டாம். உன் தாத்தா உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்"னு ரெண்டு தடவை சொன்னார். அதுக்கு மேல என்னால தாங்க முடியலை. நேரா அவர்கிட்ட போய் "வந்துட்டேங்க"ன்னேன். "புள்ள எங்க?"ன்னார். "நான்தாங்க பஞ்சநாதன்"னேன். அவர் என்னை மேலேருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். அல்லி வாயில கையை வச்சுக்கிட்டு நின்னுச்சு. "அடையாள அட்டை எதுனா இருக்கா பெரியவரே?"ன்னு கேட்டார். சட்டைப் பையில சனிக்கிழமை கேஸ் ஆபீசுக்கு எடுத்துப் போன ஜெராக்ஸ் ஒண்ணு இருந்துச்சு. யோசிக்காம எடுத்து நீட்டிட்டேன். ரேஷன் கார்டு. அவர் வாங்கி, டார்ச் அடிச்சுப் படிச்சுட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட குரலைத் தாழ்த்தி, "பேரு ஐயாறப்பன்னு போட்டிருக்கு. பாவம், தன் பேரே மறந்துபோச்சு"ன்னார். அம்புட்டுப் பேரும் உச்சுக் கொட்டினாங்க. உங்கம்மா முந்தானையைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சிருப்பா. ரெண்டும் ஒரே சாமிதாங்கன்னு நான் சொன்னேன். அதைச் சொன்னதுல அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிடுச்சு.

அப்பதான் உன் நம்பரைக் கேட்டு வாங்கிப் போன் பண்ணினார். ரெண்டு தடவை அடிச்சும் நீ எடுக்கலை. "பையன் வேலையா இருப்பாருங்க"ன்னு எனக்குச் சமாதானம் சொன்னார். நல்ல மனுஷன். அல்லி ஒரு வறுத்த மீனைத் தாள்ல வச்சுக் கொடுத்துச்சு, காசு வாங்கிக்கலை. நல்லவேளையா ஆட்டோக்கார சேக் பரீது அந்தப் பக்கமா வந்தவர் என்னைப் பார்த்து இறங்கி ஓடிவந்தார். எத்தனை வருஷமா நம்மளைத் தெரிஞ்சவர், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனவர், இவராவது சொல்லட்டும்னு நிம்மதியா இருந்துச்சு. "இவரு பேரு பஞ்சநாதன்தானே?"ன்னு போலீஸ்காரர் கேட்டார். சேக் பரீது தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பேரெல்லாம் தெரியாதுங்க. நம்ம கரண்ட் சாரு"ன்னார். தலத்தெரு வர்ற வரைக்கும் அவர் கண்ணாடியில என்னைப் பார்த்துப் பார்த்து, "பஞ்சநாதனா சார்? இத்தன நாளா தெரியாமப் போச்சே"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். வீட்டு வாசல்ல இறக்கிவிட்டு, "வரேன் கரண்ட் சார்"னு சொல்லிட்டுப் போனார்.

ஆகவே முத்து, எல்லா இடத்திலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பாரதியிடம் என் முடிவைச் சொல்லிவிடு. இந்தப் பேர் இந்தக் காலத்துக்கு எடுபடாது. கேக்கில் கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்புவாரில்லை. பூனாவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஞ்ச் பஞ்ச் என்று சொல்லிக் குத்துவார்கள். எங்கே போனாலும் எழுதுகிறவர் வேறு ஏதாவது எழுதிவிடுவார். ஒரு பச்சைக் குழந்தைக்கு இவ்வளவு சுமையை ஏற்றக்கூடாது. நிலவன் நல்ல பேர். கடற்கரையில் மூன்று பேர் திரும்பியதை நானே பார்த்தேன். அதையே வையுங்கள். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை என்பதை மஞ்சள் மூஞ்சி எதுவும் போடாமல் எழுத்தாகவே எழுதுகிறேன்.

சின்னவர் நோய் நொடி இல்லாமல், வேளைக்குப் பால் குடித்து, தானும் தூங்கி உங்களையும் தூங்கவிட்டு, கீர்த்தியோடு வாழ ஆசீர்வாதம். பாரதியைப் பத்திய சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். சம்பந்திமார்களுக்கு என் நமஸ்காரம். அவர்கள் அங்கே இருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பஞ்சநாதன்
(ரேஷன் கார்டுப்படி ஐயாறப்பன்)

பின்குறிப்பு: மேலே இருப்பதை எல்லோருக்கும் படித்துக் காட்டு. இதை நீ மட்டும் படி. முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது பிள்ளை காதில் மூன்று தடவை சொல்வார்கள் இல்லையா. நிலவன் சின்னப் பேர், இரண்டு தடவை சொன்னாலே அவனுக்குப் பதிந்துவிடும். அந்த மூன்றாவது தடவை மட்டும் நீ குனிந்து என் பேரைச் சொல்லு. மெல்லச் சொன்னால் போதும், சம்பந்தியம்மாவுக்குக் கேட்காது, எந்தக் காகிதத்திலும் ஏறாது. சொன்னதும் அவன் திரும்பிப் பார்த்தானா என்று எனக்கு ஒரு வரி எழுது.